கரும்புத் தோட்டமும் இனிப்பு நீரும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில், நிபோங் திபால் நகரை அடுத்து அமைந்துள்ளது பைராம் தோட்டம். மலாயாத் தமிழர் வரலாற்றில் இவ்வட்டாரத்திற்குத் தனி இடம் உண்டு. மலாயாவில் ரப்பர் மரம் பெருந்தொழிலாக வேரூன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ்த் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கிய மண் இது. அவர்கள் வந்தது கரும்பு வெட்டுவதற்கு. அவர்களுடைய வழித்தோன்றல்களை இன்று பெரிதும் வாட்டும் நோய்க்கு மலேசியத் தமிழர் வழங்கும் பெயரோ ‘இனிப்பு நீர்’. தமிழகத்தார் அதனையே நீரிழிவு என்றும் சர்க்கரை நோய் என்றும் கூறுவர்.

மலேசிய நாட்டில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய உடல்நலக் கணக்கெடுப்பு, வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேர் நீரிழிவு உடையவர் எனக் கண்டது. இனவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது இந்தியருள் 31.4, மலாய்க்காரருள் 22.0, சீனருள் 15.1 எனக் கணக்கு வந்தது. ஒரே நாட்டில், ஒரே வானத்தின் கீழ், ஒரே கடைத்தெருவில் பொருள் வாங்கி உண்ணும் மூன்று இனத்தாரிடையே இத்துணை வேறுபாடு எவ்வாறு வந்தது? ‘நம் இரத்தமே அப்படி’ என்று பலர் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் வேண்டும். ஏனெனில், ஓர் இனத்தாரை மட்டும் தாக்கி மற்றோர் இனத்தாரை விட்டுவைக்கும் நோய் எது என்னும் வினா, இதே மலாயாவில் நூறாண்டுகளுக்கு முன் வேறு வடிவில் எழுந்தது. அன்று அதற்குத் தெளிவான விடையும் கிடைத்தது.

தோட்டமும் பெயரும்

1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் பெற்ற கடற்கரை நிலமே ‘புரோவின்ஸ் வெல்லெஸ்லி’ எனப் பெயர் பெற்றது. அங்கே முதலில் கரும்பு பயிரிட்டவர் சீனர். பத்து காவான் பகுதியில் அவர்கள் சதுப்பு நிலத்தை வெட்டித் திருத்திக் கரும்பு நட்டனர். 1840ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் அத்தொழிலில் நுழைந்தனர். அவர்களுள் ஒருவர் எட்வர்டு ஹார்ஸ்மன் என்னும் ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர். 1876இல் அவர் மறைந்தபின் அவருடைய மலாயாத் தோட்டங்கள் மைத்துனர் சர் ஜான் ராம்ஸ்டன் குடும்பத்தாரைச் சேர்ந்தன. ராம்ஸ்டன் குடும்பம் 1689இல் பெற்ற பட்டம், யார்க்‌ஷயரிலுள்ள பைராம் என்னும் ஊரின் பெயரால் வழங்கியது. அவ்வூர்ப் பெயரே நிபோங் திபாலின் சேற்று நிலத்திலும் நிலைத்துவிட்டது.

முதலாளியின் பெயர் யார்க்‌ஷயரிலிருந்து வந்தது. உழைப்பாளியோ நாகப்பட்டினத்திலிருந்து வந்தான். தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் ஆள் திரட்டப்பட்டுக் கப்பலேற்றப்பட்டவர்கள் பினாங்குத் துறையில் இறங்கினர். குறித்த ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைப்பதாக ஒப்பந்தம் செய்து வந்தமையின், மலாய்ச் சொல்லையொட்டி அவர்களைச் ‘சஞ்சிக் கூலிகள்’ என்றனர். கப்பற் கட்டணமும் முன்பணமும் அவர்கள் தலையில் கடனாக ஏறின. இம்முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே கங்காணி முறை வலுப்பெற்றிருந்தது. சர்க்கரை ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, கரும்பு நின்ற நிலங்களில் ரப்பரும் தென்னையும் இடம்பெற்றன. பிற்காலத்தில் செம்பனை பெருகியது.

மண்ணீரலும் சோகையும்

சஞ்சிக் காலத்தில் வந்தோர் பெரும்பாலும் இளைஞர். ஆதலால் தோட்டத்து நோய்களின் வரலாறு தொடக்கம் முதலே இளையோர் நோய்களின் வரலாறாக இருந்தது. வயிற்றுக் கடுப்பும், ஆறாத காற்புண்ணும், விடாத காய்ச்சலும் அவர்களை உருக்கின. தொழிலாளர் நிலையை ஆராய 1890இல் குடியேற்ற நாட்டு அரசு ஓர் ஆணைக்குழுவையே அமைக்க வேண்டியதாயிற்று.

உடனே கொல்லாமல் ஆண்டுக்கணக்கில் உடலை அரித்த நோய்கள் இரண்டு. ஒன்று மலேரியா, மற்றொன்று கொக்கிப்புழுவால் வரும் சோகை. மலேரியா அடிக்கடி வந்த குழந்தைகளின் வயிற்றில் மண்ணீரல் வீங்கிக் கல்போல் நிற்கும். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் உண்மைக்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பை 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் நிகழ்த்தினார். நான்கே ஆண்டுகளில், 1901இல், டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் நகரில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியுள்ளது என்று கணக்கிட்டதே அவர் கையாண்ட அளவுகோல். குழந்தையின் மண்ணீரல், தோட்ட நிருவாகம் வாய்க்கால் வெட்டியதா இல்லையா என்பதற்குச் சான்றாயிற்று.

கொக்கிப்புழு வெறுங்கால் வழியே உடலுள் புகுவது. கழிப்பிடமில்லாத லயன்களிலும், ஈர மண்ணிலும், செருப்பில்லாத கால்களிலும் அது செழித்தது. இரத்தம் குன்றிய தொழிலாளி விரைவில் களைத்தான். அவனைக் கண்ட மேற்பார்வையாளர் பலர் ‘தமிழன் சோம்பேறி’ என்று முடிவு கட்டினர். உண்மையில் அவன் குடலில் நூற்றுக்கணக்கான புழுக்கள் குருதி குடித்துக்கொண்டிருந்தன. ராக்பெல்லர் நிறுவனத்தார் 1915 முதல் மலாயா, ஜாவா, பீஜி ஆகிய நாடுகளில் நடத்திய ஆய்வுகளின் பின்னரே இவ்வுண்மை பரவலாகத் தெரியவந்தது. இனத்தின் குணம் என்று கருதப்பட்டது, ஒரு நோயின் குறி என்று புலனாயிற்று.

அரிசி சொன்ன உண்மை

மேலே குறித்த வினா எழுந்தது பெரிபெரி நோயைப் பற்றியாகும். கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, நெஞ்சு நின்றுபோகும் இந்நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயா முழுவதும் பரவியது. அதனால் மாண்டோருள் மிகப் பெரும்பாலோர் சீனர். அவர்களுள்ளும் ஈயச் சுரங்கத் தொழிலாளரே மிகுதி. கிராமத்து மலாய்க்காரரிடையே அது அரிது. அதே நாட்டில், பலவிடங்களில் இன்னும் வறிய நிலையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரையோ அந்நோய் ஏறத்தாழத் தீண்டவேயில்லை. மருத்துவர் சிலர் இஃது இனத்தின் தன்மை என்றனர். சிலர் மண்ணின் நச்சு என்றனர். தொற்று நோய் என்றாரும் உளர்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த டாக்டர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். சீனர் உண்டது சயாமிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் நன்கு தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசி. தமிழர் உண்டது தம் ஊர் வழக்கப்படி வேகவைத்து உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. வேறுபாடு இரத்தத்தில் இல்லை, உலையில் உள்ளது என்பது அவர் கொள்கை. 1907இல் அதனை விரிவான நூலாக வெளியிட்டார். 1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் நீங்க, இரு பிரிவினரின் தங்குமிடத்தையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் நோய் பெருகியது. புழுங்கலரிசிப் பிரிவில் புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. பிரேசர், ஸ்டான்டன் என்னும் இரு மருத்துவர் ஜெலபுப் பகுதியில் சாலை வேலைக்கு வந்த ஜாவானியத் தொழிலாளரிடம் இதனையே சோதித்து 1909இல் உறுதிப்படுத்தினர். தவிட்டிலுள்ள சத்து நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முற்றும் போவதில்லை. 1926இல் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்ட அச்சத்தே இன்று தயமின் எனப்படுவது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. தமிழனைக் காத்தது தமிழன் இரத்தமாக இருந்திருப்பின், சீனனுக்கு வழியே இல்லை. அவனைக் காத்தது புழுங்கலரிசியாக இருந்தமையால், அதனை உண்ட எவரும் பிழைக்க முடிந்தது. காரணம் எங்கே உள்ளது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமைகிறது.

நோயின் முகம் மாறுதல்

பிராடன் நூல் வெளிவந்த அதே 1907இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றி ஒரு விவாதம் நடைபெற்றது. இந்தியாவில் அந்நோய் செல்வர்க்கும், உட்கார்ந்து எழுதும் உத்தியோகத்தார்க்கும் உரியது என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. கரும்பு வெட்டியும் பால்மரம் சீவியும் உழைக்கும் கூலிக்கும் அதற்கும் தொடர்பு உண்டென எவரும் எண்ணியிலர்.

எழுபது ஆண்டுகளில் நிலை தலைகீழாயிற்று. 1975இல் சிங்கப்பூரில் நடந்த கணக்கெடுப்பில் நீரிழிவுடையோர் இந்தியருள் நூற்றுக்கு 6.1, மலாய்க்காரருள் 2.4, சீனருள் 1.6 எனத் தெரிந்தது. மலேசியாவில் 1986இல் முப்பத்தைந்து வயது கடந்தோருள் நூற்றுக்கு 6.3 பேர் நோயுற்றிருந்தனர். 2011இல் பதினெட்டு வயது முதல் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோதே அது 15.2 ஆயிற்று, இந்தியருள் 24.9. எட்டே ஆண்டுகளில் அந்த 24.9 என்பது 31.4 ஆனதை மேலே கண்டோம். சீனரும் மலாய்க்காரரும் அதே திசையிலேயே செல்கின்றனர். இந்தியர் முன்னே செல்கின்றனர் என்பதே வேறுபாடு.

இடைப்பட்ட காலத்தில் தோட்ட வாழ்க்கை மாறிவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாள் முழுவதும் நடந்தும் குனிந்தும் உழைத்த உடல் அது. 1969இல் குடியுரிமையில்லாத் தொழிலாளர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது பலர் தமிழகம் திரும்பினர். பின்னர்த் தோட்டங்கள் கைமாறின; பல வீட்டு மனைகளாயின. இளைஞர் நகர்ப்புற ஆலைகளுக்கும் காவல் வேலைக்கும் வண்டியோட்டும் தொழிலுக்கும் சென்றனர். உழைப்பின் கடுமை குறைந்தது. வருவாய் அதற்கேற்ப உயரவில்லை. வயலில் களைப்பாற்றிய கெட்டிப்பால் தேநீரும், தட்டு நிறைந்த வெள்ளைச் சோறும் மட்டும் மாறாமல் தொடர்ந்தன. சர்க்கரை விலையை அரசு மானியம் தந்து 2013 வரை தாழ்த்தியே வைத்திருந்தது. நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் மண்வெட்டி பிடித்த உடலுக்கு அளந்த உணவை, நாற்காலியில் அமர்ந்த உடல் உண்ணலாயிற்று.

இரத்தமா, வாழ்க்கையா?

இரத்தத்திற்கு இதில் பங்கே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. 1980இல் பீஜித் தீவில் ஆராய்ந்தபோது, கரும்புத் தோட்டத் தொழிலாளராய்ச் சென்ற இந்தியரின் வழியினரிடையே நாட்டுப்புறத்திலும் நகரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் நீரிழிவு காணப்பட்டது. நாட்டுப்புறத்துப் பழங்குடி மக்களிடம் அது மிகக் குறைவு. தெற்காசியர்க்கு மெலிந்த உடலிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு உண்டென்பதும், பிற இனத்தாரைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே நோய் வருகிறதென்பதும் பல ஆய்வுகளில் நிலைபெற்றவை.

ஆயினும் எதிர்ச்சான்றுகளும் வலிமையுடையன. மற்றொரு கரும்புத் தீவாகிய மொரீசியசில் 1987இல் நடந்த கணக்கெடுப்பில் இந்து இந்தியருள் 12.4, முஸ்லிம் இந்தியருள் 13.3, கிரியோல் மக்களுள் 10.4, சீனருள் 11.5 என நீரிழிவு காணப்பட்டது. வாழ்க்கை முறை ஒன்றானபோது நான்கு இனத்தாரும் ஏறத்தாழ ஒரு வரிசையில் நின்றனர். இன்னும் தெளிவான சான்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 1989இல் எடுத்த கணக்கின்படி சென்னை நகரில் நூற்றுக்கு 8.2 பேருக்கு நீரிழிவு, நாட்டுப்புறத்தில் 2.4 பேருக்கே. 2006இல் நகரில் 18.6 ஆகவும் நாட்டுப்புறத்தில் 9.2 ஆகவும் அது பெருகியது. இரு சாராரும் தமிழரே. பதினேழு ஆண்டுகளில் இரத்தம் மாறுவதில்லை. மாறியது வாழ்க்கை.

இரத்தத்திற்கும் வாழ்க்கைக்கும் இடையே மூன்றாவது ஒன்றையும் அறிஞர் சுட்டுகின்றனர். அது தாயின் கருப்பை. பஞ்சத்தைத் தாங்கும் சிக்கன மரபணுவே வளமான காலத்தில் நீரிழிவாக வெளிப்படுகிறது என்று 1962இல் ஜேம்ஸ் நீல் கருதினார். மரபணுவன்று, கருவிலிருக்கும்போது உற்ற பசியே உடலைச் சிக்கனத்திற்குப் பழக்கிவிடுகிறது என்று 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்பார் கூறினர். 1944-45 பனிக்காலத்தில் ஹாலந்து நாட்டில் பஞ்சம் நிலவியபோது கருவிலிருந்த குழந்தைகள், ஐம்பது வயதளவில் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றியவராய் இருந்தனர். புனே நகரில் டாக்டர் யாஜ்ஞிக் ஆராய்ந்தபோது, அங்குப் பிறக்கும் குழந்தைகள் எடையில் ஆங்கிலேயக் குழந்தைகளைவிட மிகக் குறைந்திருந்தும் உடற்கொழுப்பில் அவ்வளவு குறையவில்லை எனக் கண்டார். தசை குறைந்து கொழுப்பு நிலைத்த உடல் அது.

இவ்வாராய்ச்சியை உளத்திற்கொண்டு தோட்ட வரலாற்றைத் திரும்ப நோக்கின், ஒவ்வொரு பக்கமும் புதுப்பொருள் தருகிறது. சோகையுற்ற தாய்மார், மலேரியாவில் நடுங்கிய கருவுற்ற பெண்கள், பிள்ளை பெறும் நாள் அணுகும்வரை வயலில் நின்றவர்கள் எத்தனை தலைமுறையினர்! 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரவு அற்றுப்போய் மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் ஆண்கள் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், திரும்பாதோர் பலர். அப்பசியின் நடுவே பிறந்த குழந்தைகளின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நீரிழிவு மருந்தகங்களில் வரிசையில் நிற்கும் இளைஞர். ‘இரத்தத்தில் உள்ளது’ எனப்படுவதில் ஒரு கூறு, உண்மையில் வரலாற்றில் உள்ளதாக இருத்தல் கூடும்.

இளமையில் வரும் முதுமை நோய்

முற்காலத்தில் நடுவயது கடந்தோர் நோயாகக் கருதப்பட்ட இவ்வகை நீரிழிவு இன்று இருபது வயதினரையும் பற்றுகிறது. பள்ளிச் சிறுவரிடத்தும் காணப்படுகிறது. இதன் கேடு வயதுக் கணக்கில் உள்ளது. அறுபதில் நோய் வந்தவர் எண்பதில் காணும் தீங்கை, இருபதில் நோய் வந்தவர் நாற்பதில் காண்பார். கண், சிறுநீரகம், கால் நரம்பு, நெஞ்சு ஆகியவை ஒவ்வொன்றாய்ப் பழுதுறும். மலேசியாவில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரிடம் முதற்காரணமாக நிற்பது நீரிழிவே. வாரம் மும்முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்ட நாற்பது வயதுத் தந்தைக்கு எவர் நிலையான வேலை தருவர்? நோய் வறுமையை வளர்க்கும். வறுமை அடுத்த தலைமுறையில் நோயை வளர்க்கும்.

இளைஞர் பலர் தமக்கு நோயிருப்பதை அறியாதிருப்பது இதனினும் கொடிது. 2023ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில், நீரிழிவுடைய 18 முதல் 29 வயதினருள் நூற்றுக்கு 84 பேர் அதனை அறியாமலே இருந்தனர். வலியில்லை, காய்ச்சலில்லை, உடலும் பருத்திருப்பதில்லை. பருமன் அளவில் ஐரோப்பியர்க்கு வகுத்த 25 என்னும் எல்லை ஆசியர்க்குப் பொருந்தாது. 23லேயே எச்சரிக்கை தேவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் அறிவித்தது. மெலிந்த தமிழ் இளைஞன் தன்னை நலமுடையவன் என்று எண்ணுவதும், அவனைக் கண்டவர் அவ்வாறே எண்ணுவதும் இதனால்தான் ஏமாற்றமாக முடிகின்றன.

பழைய பாடம்

தமிழ்நாட்டில் நடந்த மற்றொரு சோதனை இங்குக் குறிப்பிடத்தக்கது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்த ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் முடிவை வெளியிட்டனர். பொது அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் முறையாய்க் கைக்கொண்டவருள் 39.3 பேருக்கே வந்தது. இரத்தம் எல்லார்க்கும் ஒன்றே, விளைவு ஒன்றன்று. மலேசிய அரசு 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. பின்னர் அதனை 2024இல் 50 காசாகவும் 2025இல் 90 காசாகவும் உயர்த்தியது. இது பெரிபெரிக் காலத்தில் அரிசியை மாற்றியதை ஒத்த நடவடிக்கை. தனி மனிதனைப் பழியாமல் பண்டத்தைத் திருத்துவது.

ஆயினும் வரி ஒன்றே போதாது. மலேரியா ஒழிந்தது தொழிலாளிக்கு அறிவுரை கூறியதால் அன்று, வாய்க்கால் வெட்டியதால். கொக்கிப்புழு குறைந்தது கழிப்பிடம் கட்டியதால். அவ்வாறே இன்றைக்கும் வேண்டுவன எவை என்பது தெளிவு. கருவுற்ற பெண்களின் சோகையைத் தீர்த்தல், இருபது வயதிலேயே இளையோர்க்கு இரத்தச் சோதனை செய்தல், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சர்க்கரையைக் குறைத்தல், தோட்டம் விட்டு நகரோரம் குடியேறிய குடும்பங்களுக்கு நடக்கவும் விளையாடவும் இடம் ஒதுக்குதல் ஆகியவையே அவை. வாட்சன் குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்துத் தோட்டத்தின் நிலையை அறிந்தார். இன்று பைராம் போன்ற தோட்டங்களிலிருந்து புறப்பட்ட தலைமுறையின் நிலையை, அதன் இளைஞர் இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு காட்டுகிறது. அன்று அளவெடுத்தவர் அதனோடு நில்லாமல் மண்வெட்டியை எடுக்கச் செய்தார். அளவெடுப்பு இன்றும் நடைபெறுகிறது; அதற்கடுத்த பணி எஞ்சியிருக்கிறது.